முடக்குவாதம், மரபணு, இதயம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு நெடுநாளாக முடக்குவாதம் (சரவாங்கி; மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). எனக்கு வயது 29. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம், வீண்செலவு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது உண்மைதான். ஆனால், பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. அச்சு அசலாக ஒரே மரபணுக்களுடன் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான். எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவற்றைச் சுமந்தும் கடைசிவரை மூட்டுவலியே அறியாதவர்கள் ஏராளம். காலையில் விரல்களை மடக்க முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தாலோ, விரல் கணுக்கள் வீங்கினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது ஆன்டி-சி.சி.பி. (இந்த நோயில் ரத்தத்தில் தோன்றும் எதிர்பொருள்) பரிசோதனை பயன்படும்.

கேள்வி: அக்காவுக்கு இந்த நோய். அண்ணனோ பீடியை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். புகை நுரையீரலில் உள்ள புரதங்களின் வடிவத்தை மாற்றுகிறது. மேலே சொன்ன மரபணு வகை உள்ளவர்களின் எதிர்ப்பாற்றல், மாறிய அந்தப் புரதங்களைப் பகையாக நினைத்துப் போருக்குக் கிளம்பிவிடுகிறது. 2006-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வகையைப் பெற்றுப் புகையும் பிடிப்பவர்களுக்கு, ஆன்டி-சி.சி.பி. உள்ள முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. மரபணுவை மாற்ற முடியாது, பீடியை விடலாம். மாரடைப்புக்கும் அதே பீடி ஒரு காரணம்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறார்களே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். அழற்சி (மூட்டு வீக்கத்துக்குக் காரணமானது) கொதித்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கிவிடும், ஆபத்தோ ஏறும். அதே அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரையும் அரிக்கிறது. முடக்குவாதக்காரர்களுக்கு இதயநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. அதனால்தான் வழக்கமான இதய ஆபத்துக் கணக்கை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு. வீக்கம் அடங்கியபின் எடுக்கும் கொலஸ்ட்ரால் அளவையே நம்புங்கள். இன்னொன்று: தோளிலும் கையிலும் வரும் வலியை 'மூட்டுதானே' என்று ஒதுக்கி மாரடைப்பைத் தவறவிடுபவர்கள் உண்டு. புதிதாக மூச்சிரைப்போ வியர்வையோ சேர்ந்தால் உடனே இ.சி.ஜி. எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அந்த மரபணுவே இதயத்தையும் தாக்குகிறதா? இந்த நோய்க்கு அடிப்படை மருந்தாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் அதை மோசமாக்குமா?

பதில்: அந்த வகை மரபணு உள்ள நோயாளிகளிடம் இதயநோய் மரணம் கூடுதல் என்று ஸ்பெயின், பிரிட்டன் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதில் பெரும்பங்கு அடங்காத அழற்சிக்கே என்பது என் கருத்து. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு மாரடைப்பு குறைவாகவே காணப்படுகிறது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டிய மாத்திரை இது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: தினமும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடுகிறேன், பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. தினமும் தேவைப்படுகிறது என்றால் அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.