ஸ்டார்ட்அப் வேலை நல்லதா? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நான். கொழும்பில் சின்னக் கம்பனிகளில் கோட் எழுதினேன், அப்புறம் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பக்கம் போய்விட்டேன், இப்போது பாதி நாள் ஊரிலிருந்தும் பாதி நாள் கொழும்பிலிருந்தும் அதே வேலைதான். ஆட்கள் சேரும்போதும் பேசுகிறேன், விலகும்போதும் பேசுகிறேன், அதனால் இரண்டு பக்கக் கதையும் காதில் விழும். ஸ்டார்ட்அப், அதாவது புதிதாகத் தொடங்கி வேகமாக வளரப் பார்க்கிற சின்னக் கம்பனி, அங்கே வேலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பனி என்று மட்டும் கேட்காதீர்கள்.

தலவாக்கலை: அக்கா, ஸ்டார்ட்அப்பில் வேலை செய்கிறவர்களுக்கு உண்மையில் என்னதான் பிடிக்கிறது? எல்லோரும் பீட்சா, டீசேர்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

பீட்சாவுக்காக யாரும் இரண்டாவது வருடம் இருக்க மாட்டார்கள். என்னிடம் பேசியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். பண்டாரவளைத் தங்கை ஒருத்தி, சேர்ந்த முதல் மாதமே பணம் கட்டுகிற பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் ராத்திரி ஏற்றிய மாற்றத்தை மறுநாள் காலையில் கண்டியில் ஒரு கடைக்காரர் பயன்படுத்தி, பட்டன் சின்னதாக இருக்கிறது, விரல் படவில்லை என்று நேராக அவளுக்கே போன் பண்ணித் திட்டினார். அந்தத் திட்டை அவள் சந்தோஷமாகச் சொல்கிறாள். பெரிய கம்பனியில் அந்தக் கடைக்காரருக்கும் அவளுக்கும் நடுவில் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

அடுத்தது, 'சேர்' போடத் தேவையில்லை. துரையை (தோட்ட மேலாளரை) கண்டால் ஒதுங்கி நிற்கிற பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கம்பனி தொடங்கியவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பணிஸ் சாப்பிடுவதும், அவரிடமே “இது சரிவராது” என்று சொல்ல முடிவதும் லேசான விஷயமில்லை. ஆனால் நடுவில் ஆள் இல்லாததால் வருகிற நன்மைதான் இதெல்லாம். அடுத்த கேள்வியில் வருகிற தீமைகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

நுவரெலியா: பிடிக்காதது என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்.

எதை எதிர்பார்க்கிறார்கள் என்று யாரும் சொல்லாததுதான் முதல் இடம், சம்பளம்கூட அதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை ஒன்று அவசரம், வியாழக்கிழமை முதலீட்டாளர் ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்து வேறொன்று அவசரம், மூன்று வாரமாகச் செய்தது குப்பைக்குப் போகும். வருடக் கடைசியில் “நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை” என்பார்கள். தோட்டத்தில்கூட இத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் சாயந்தரம் அரைப் பேர் (பாதி நாள் கூலி) போடுகிறார்கள். இங்கே அளவைச் சொல்லாமலே அரைப் பேர் விழும்.

ராத்திரி பத்தரைக்கு வட்ஸ்அப்பில் “சின்ன விஷயம்தான்” என்று தொடங்குகிற மெசேஜ். தொடங்கியவரோடு ஒரே பாடசாலையில் படித்த நாலு பேர் மட்டும் போய்ச் சாப்பிடுகிற மதியச் சாப்பாடு, அங்கேயே முடிவாகிவிடுகிற விஷயங்கள். சொல்லித்தர ஆள் இல்லாமை, ஏனென்றால் இருக்கிறவர்கள் எல்லோருமே உங்களைவிட ஒரு வருடம் மூத்தவர்கள்தான். நேர்முகத் தேர்வில் “நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி” என்று சொன்னால் நான் உடனே லீவு பற்றிக் கேட்பேன். குடும்பத்தில்தான் லீவு கிடையாது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு, அவர்களைக் கேட்டால் மேலே இருக்கிறவர் நியாயமான மனிதர் என்பார்கள். விலகுகிறவர்களும் அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்துப் பேர் கம்பனியில் கொள்கை, விதிமுறை, மனிதவளப் பிரிவு எல்லாமே அந்த ஒரு ஆளின் குணம்தான், அதனால் கம்பனி எப்படி என்று விசாரிக்காமல் அந்த ஆள் எப்படி என்று விசாரியுங்கள், முடிந்தால் அங்கிருந்து விலகியவரிடம்.

ஹட்டன்: மாதம் 90,000 என்று கடிதம் தந்திருக்கிறார்கள். ஈ.பி.எஃப். (ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்டேன், “நாங்கள் சின்னக் கம்பனி, பிறகு போடுவோம்” என்கிறார்கள். பரவாயில்லையா அக்கா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டியாக வேண்டும், சின்னக் கம்பனி என்பது காரணமே இல்லை. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், அவர்கள் 12 வீதம் போட வேண்டும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுவதும் அவர்கள் பணம். 90,000க்கு அவர்கள் பக்கம் மட்டும் 10,800உம் 2,700உம், ஆக மாதம் 13,500. வருடத்துக்கு 162,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள், வட்டி வேறு. தோட்டத்தில் ஈ.பி.எஃப். காசு எடுக்க அம்மா அப்பா பட்ட பாடு நம்மில் பல பேர் வீட்டில் தெரிந்த கதை, அதையே லெப்டொப் வைத்துக்கொண்டும் படவேண்டாம்.

இதைத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு இன்னும் இரண்டு வழி இருக்கிறது, கவனியுங்கள். ஒன்று, அடிப்படைச் சம்பளம் 35,000, மீதியெல்லாம் ஏதேதோ கொடுப்பனவு என்று பிரித்து எழுதுவது, அப்போது அடிப்படைக்கு மட்டும் ஈ.பி.எஃப். கணக்குப் போட்டுக் குறைத்துக் கட்டுவார்கள். மற்றது, உங்களை ஊழியர் என்று எழுதாமல் ஒப்பந்தக்காரர் என்று எழுதுவது. காலை ஒன்பதுக்கு வரச்சொல்லி, அவர்கள் மேசையில், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்கிறவர் எப்படி ஒப்பந்தக்காரர்? கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலை நடக்கிற விதத்தைத்தான் பார்ப்பார்கள்.

சேர்ந்த பிறகு உங்கள் ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கத்தை வாங்கிக்கொண்டு, காசு போய்ச் சேர்கிறதா என்று நீங்களே பாருங்கள். சம்பளச் சீட்டில் 8 வீதம் பிடித்துவிட்டு அதைக்கூடக் கட்டாத இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டகலை: சம்பளம் குறைவு, ஆனால் கம்பனிப் பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பங்கு என்று சொல்வார்கள். கையில் தருவது பெரும்பாலும், பிறகு ஒரு நாள் இன்றைய விலையிலேயே பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமைதான். வழக்கமாக நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றுமே கிடையாது. அந்த உரிமை காசாக வேண்டுமென்றால் கம்பனியை யாராவது வாங்க வேண்டும், இல்லையென்றால் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும்.

அது நம் நாட்டில் நடக்காத விஷயமில்லை. 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் கம்பனியை 600 மில்லியன் டொலருக்கு மேல் மதிப்பிட்டு 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் வாங்க முன்வந்தது. 2015இல் தொடங்கிய, வாடகை வண்டி கூப்பிடுகிற பிக்மீ அதே 2024இல்தான் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. வருடங்களைக் கழித்துப் பாருங்கள், நன்றாக ஓடிய கம்பனிகளுக்கே ஒன்பது, பத்தொன்பது வருடம். இடையில் காணாமல் போனவைகளை யாரும் எண்ணுவதில்லை.

என் கணக்கு இதுதான்: பங்கைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, வருகிற சம்பளத்தில் போர்டிங் வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்புவதும் சமாளிக்குமா என்று பாருங்கள். சமாளித்தால் எடுங்கள். அப்புறம் எத்தனை பங்கு என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கம்பனியில் மொத்தம் எத்தனை பங்கு, விலகினால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன பங்கு வாயோடு போய்விடும்.

பதுளை: சனிக்கிழமையும் வரச்சொல்கிறார்கள், சட்டப்படி சரியா?

கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி வாரம் 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. அதனால் சனி அரை நாள் சட்டத்துக்கு உட்பட்டதுதான். அதற்கு மேல் போனால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஐடி பக்கம் அதைக் கேட்கிறவர்களும் குறைவு, கொடுக்கிறவர்களும் குறைவு. வருடாந்த லீவு 14 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முதல் வருடம் அது கிடையாது, இரண்டாம் வருடமும் நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: மார்ச் முடியுமுன் சேர்ந்திருந்தால் 14, ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ சேர்ந்திருந்தால் 4 மட்டும். இது குறைந்தபட்சம், கூடத் தருகிற நல்ல இடங்கள் உண்டு.

மஸ்கெலியா: லயத்து வீட்டிலிருந்தே (தோட்டத்து வரிசை வீடு) அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்யலாம் என்கிறார்கள். நடக்குமா?

நடக்கும், செய்கிறவர்களைத் தெரியும். அடுப்படியில் அம்மா சமைக்க, முன்னறையில் தம்பி டிவி பார்க்க, நடுவில் மேசை போட்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். ரவுட்டர் ஜன்னல் கம்பியில், சாரல் படாமல் சொப்பிங் பேக் சுற்றிக் கட்டியிருக்கும். கொழும்பு வாடகை மிச்சம், அதுவே ஒரு சம்பள உயர்வு.

கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. நியூயோர்க்கில் காலை பத்து மணி மீட்டிங் நமக்கு ராத்திரி ஏழரை, அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் எட்டரை. கோயில் திருவிழா மாதத்தில் லவுட்ஸ்பீக்கரோடு மீட்டிங் நடத்திப் பாருங்கள். அதைவிடப் பெரியது, கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதை, கரண்ட், சிக்னல் எல்லாம் ஒன்றாக அறுந்தது. அந்த நாட்களில் “பத்திரமா? வேலையை விடுங்கள்” என்று கேட்ட கம்பனிகளும் உண்டு, சிக்னல் வந்ததும் லீவைக் கழித்த கம்பனிகளும் உண்டு. ஆகவே சேருமுன் நேரடியாகக் கேளுங்கள்: இரண்டு நாள் தொடர்பு இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

கண்டி: ஒஃபிஸில் நான் ஒருத்தன்தான் தமிழ். மீட்டிங் ஆங்கிலத்தில், பகிடியெல்லாம் சிங்களத்தில். விட்டுவிட்டுப் போகலாமா என்று இருக்கிறது.

சின்ன இடத்தில் இது கூடத் தெரியும், ஒதுங்கி உட்கார இன்னொரு கூட்டம் இல்லையே. அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா, பழக்கத்தில் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கம் என்றால் ஒரு ஆளிடம் தனியாகச் சொன்னாலே பாதி மாறும். முடிவுகள் மட்டும் எழுத்தில், எல்லோருக்கும் வர வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சம் வேண்டாம். தோட்டத்து முகவரியைப் பார்த்துக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றால் விட்டுவிட்டு வாருங்கள் தம்பி, வேறு இடம் இருக்கிறது.

பண்டாரவளை: அம்மா டீச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, பென்சன் இருக்கிறது, மாதக் கடைசியில் பயம் இல்லை. வீட்டில் நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கிறீர்கள் என்றால் முதல் வேலையாக ஸ்டார்ட்அப்பை எடுக்கச் சொல்ல மாட்டேன். அண்ணனோ அக்காவோ நிலையான வேலையில் இருந்தால் தைரியமாக எடுங்கள். இரண்டு வருடத்தில் கற்பது நிறைய.

நாவலப்பிட்டி: இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. முதலீடு வரப்போகிறது, பொறுங்கள் என்கிறார்கள்.

ஒரு மாதம் தாமதமானபோதே முன்கூட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினார்களா? காட்டியிருந்தால் யோசிக்கலாம். நீங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள் என்றால் இன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். வராத சம்பளத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை. ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளையில் தொழில் திணைக்கள அலுவலகங்கள் இருக்கின்றன, எது பக்கமோ அங்கே முறைப்பாடு கொடுக்கலாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஊழியரின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கிற 1971ஆம் வருடச் சட்டம், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் தருகிற 1983ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டம், இரண்டும் 15 பேருக்குக் குறைந்த கம்பனியைப் பிடிக்காது. ஒன்பது பேர் ஸ்டார்ட்அப்பில் அந்தக் குடை உங்களுக்கு இல்லை. ஆனால் நியாயமில்லாமல் நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள்.

கினிகத்தேனை: கடைசிக் கேள்வி, சொந்த லெப்டொப் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

தேய்மானத்துக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். ஒன்றும் தர மாட்டோம் என்றால், விலகும் நாளில் “அதில் இருக்கிறதெல்லாம் எங்களுடையது, கொண்டுவந்து கொடு” என்று கேட்க மாட்டோம் என்றாவது எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.