ஸ்டென்ட் வைத்த பின் சோர்ந்திருக்கும் அப்பாவுக்கு
வணக்கம் சகோதரி. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீடு திரும்பிய அப்பா, "இனி என்ன இருக்கிறது" என்று சாய்வு நாற்காலியிலேயே கிடக்கிறார், நம்பிக்கையூட்டினால் உடம்பு தேறுமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 334 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, இயல்பிலேயே உற்சாகமானவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. அதற்காக நம்பிக்கை இதய அடைப்பைக் கரைத்துவிடும் என்று பொருளல்ல. நம்பிக்கையுள்ளவர் வேளை தவறாமல் மாத்திரை விழுங்குவார், நடப்பார். பலனில் பெரும்பங்கு அந்த வழியாகவே வருகிறது என்பது என் எண்ணம். என் தந்தைக்கு அறிவுரை ஏறவில்லை; பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் பொறுப்பைக் கொடுத்த பிறகுதான், காலையில் தாமாகவே செருப்பைத் தேடினார். எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அப்படியொரு சிறு வேலையை ஒப்படையுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலும் பசியும் தூக்கமுமின்றி ஒடுங்கியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, இதய மருத்துவரிடமே தயங்காமல் சொல்லுங்கள்.