வகுப்பறைக் காணொளியில் எதைப் பார்ப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம். கணித ஆசிரியராவதற்குப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். முக்கால் மணி நேரக் கணித வகுப்பொன்றின் காணொளியைப் போட்டுக் காட்டி, கண்டதை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோருமே ‘ஆசிரியர் தெளிவாகப் பேசினார், வகுப்பு அமைதியாக இருந்தது, கரும்பலகையை நன்றாகப் பயன்படுத்தினார்’ என்று எழுதியிருந்தார்கள். கணிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எப்படியும் பள்ளிக்கு நேரில் போய் உற்றுநோக்கப் போகிறவர்களுக்குக் காணொளி தேவைதானா? தேவையென்றால் எப்படிக் காட்டுவது, எழுதியதை எப்படி மதிப்பிடுவது?

– ஒரு விரிவுரையாளர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவர்கள் எழுதியதில் வியப்படைய ஒன்றுமில்லை. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் பள்ளிப் பருவம் முழுவதும் மாணவராக அமர்ந்து ஆசிரியரையே பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தோடுதான் காணொளியையும் பார்க்கிறார். ஜான் ஸ்டார், ஷரோன் ஸ்டிரிக்லண்ட் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வும், கணித ஆசிரியராகப் போகிறவர்கள் பொதுவாக நன்கு வளர்ந்த உற்றுநோக்கும் திறனோடு பயிற்சிக்குள் நுழைவதில்லை என்றே காட்டியது. காணொளியை மையமாகக் கொண்ட பயிற்சிக்குப் பிறகு, பாடத்தின் கணித உள்ளடக்கத்தையும் வகுப்பில் நிகழ்ந்த உரையாடலையும் அவர்கள் கூடுதலாகக் கவனித்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். ஆகவே இது பயிற்சியால் வரக்கூடிய திறன்.

நேரில் பார்ப்பதற்கு மாற்றாகக் காணொளியை நான் சொல்லவில்லை. நேரில் போவதற்கு முன்பு கண்ணையும் காதையும் பழக்க அதைவிட ஏற்ற கருவி இல்லை என்கிறேன். நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் ஒரு மாணவி சொன்ன வாக்கியம் சொன்ன மாத்திரத்தில் கடந்துவிடும். பின்வரிசையில் இருந்த இருவர் அதை இருவிதமாகக் கேட்டிருந்தால், எது சரி என்று தீர்த்துக்கொள்ள வழியே இல்லை. காணொளியில் அந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். ஆனால் முக்கால் மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால் இந்த வசதி வீணாகிவிடுகிறது.

ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 5/6, 7/8 ஆகிய இரண்டில் எது பெரியது என்று ஆசிரியர் கேட்கிறார். ‘இரண்டும் சமம், இரண்டிலும் ஒன்றுதான் குறைகிறது’ என்கிறாள் ஒரு மாணவி. ‘இல்லை, பகுதியைச் சமமாக்கிப் பார்’ என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்தவரிடம் போகிறார். சற்று நேரத்தில் 20/24, 21/24 என்று பலகையில் விடை வந்துவிடுகிறது. இதை ஒரு முறை பார்த்தவர் ‘மாணவியின் பிழையை ஆசிரியர் உடனே திருத்தினார்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வார். அந்தச் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, அவள் சொன்ன சொற்களை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு, அவள் ‘ஒன்று’ என்று சொன்னது எதை என்று கேளுங்கள். முதல் பின்னத்தில் குறைவது 1/6, இரண்டாவதில் குறைவது 1/8. குறைவது எதில் சிறியதோ அந்தப் பின்னமே முழு எண்ணான 1க்கு நெருக்கமானது, ஆகவே பெரியது. பகுதியைச் சமமாக்காமலேயே விடையை அடையும் வழியில் அவள் பாதித் தூரம் வந்திருந்தாள். இதைக் கண்டுகொள்ள, பார்ப்பவருக்குப் பின்னம் ஆழமாகப் புரிந்திருக்க வேண்டும். கணிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உற்றுநோக்கலை மட்டும் தனியாகக் கற்பித்துவிட முடியாது என்று நான் கருதுவது இதனால்தான்.

இப்படிப் பேசும்போது திரையில் இருக்கும் ஆசிரியரைக் குறை சொல்லும் திசைக்கு விவாதம் எளிதில் சாய்ந்துவிடும். உடனே தடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள் கூடித் தங்கள் வகுப்புக் காணொளிகளைப் பார்க்கும் குழுக்களை ஆராய்ந்த மிரியம் ஷெரின், எலிசபெத் வான் எஸ் ஆகியோர் கண்டதும், பேச்சு ஆசிரியரின் செயலிலிருந்து மாணவரின் சிந்தனைக்கு மெல்ல மெல்லவே நகர்கிறது என்பதைத்தான். அந்த நகர்வுக்கு வழிநடத்துபவரின் கேள்விகள் வேண்டும்.

கேமரா ஆசிரியரை மட்டுமே தொடர்ந்து படம்பிடித்திருந்தால் மாணவரின் நோட்டுப் புத்தகம் யாருக்கும் தெரியாது. அத்தகைய காணொளியைத் தவிர்க்கலாம், அல்லது மாணவர்கள் எழுதிய தாள்களின் நகலைச் சேர்த்துக் கொடுக்கலாம். நீங்களே படமெடுப்பதாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும்.

மதிப்பீட்டுக்கு, விக்டோரியா ஜேக்கப்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2010இல் வகுத்துக் காட்டிய மூன்று கூறுகள் உதவும்: மாணவர் செய்ததையும் சொன்னதையும் நுணுக்கமாகக் கவனித்தல், அதிலிருந்து அவரது புரிதலை அறிதல், அதற்கேற்ப அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுத்தல். இவற்றுள் மூன்றாவது, வெறும் பணி அனுபவத்தால் மட்டும் வளர்வதில்லை என்று அவர்கள் கண்டார்கள். பயிற்சியின் தொடக்கத்தில் முதல் இரண்டுக்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். ‘புரிந்துகொண்டாள்’, ‘குழம்பினாள்’ என்று எழுதுகிறவர் அதற்கு ஆதாரமாக மாணவியின் சொல்லையோ எழுத்தையோ காட்டியிருந்தால்தான் அந்த வரி கணக்கில் சேரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு, அந்த மாணவியிடம் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வியை எழுதி வாங்குங்கள்.