காசு கொடுத்தவனின் காதல்

ஐயா,

அம்மா சொல்லிச் சொல்லி, போன வாரம்தான் 'பாகீஸா' என்ற பழைய இந்திப் படம் பார்த்தேன். அழுதுவிட்டேன். என் கணவரோ, "காசு கொடுத்துப் பாட்டுக் கேட்க வருகிறவனுக்கும் ஆடுகிறவளுக்கும் நடுவில் என்ன காதல்? எல்லாம் சினிமாக்காரன் தடவும் சர்க்கரை" என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் பார்த்த படம் அதற்குரியது இல்லை. பாகீஸாவின் நாயகன் சலீம் காசு கொடுத்து வந்தவனே அல்ல. ஓடிவந்து ஏறிய ரயில் பெட்டியில் ஒருத்தி தூங்குகிறாள். அவள் பாதங்களைப் பார்த்து, இவற்றைத் தரையில் வைக்காதீர்கள், அழுக்காகிவிடும் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். அவள் யார் என்றே அவனுக்குத் தெரியாது. அந்தச் சீட்டைப் பொக்கிஷமாக வைத்திருப்பவளிடம் அவள் தோழி சொல்கிறாள்: இது உனக்கு எழுதியது இல்லை, அந்த நேரம் உன் காலில் சலங்கை இருந்திருக்காது. எனக்கு அந்தப் படமே இந்த இடம்தான். தரையில் வைத்தால்தான் அந்தக் காலுக்குச் சோறு. கடைசியில் அவன் கல்யாணத்திலேயே கண்ணாடிச் சில்லுகள் மேல் ஆடுகிறாள். (அவளாக நடித்த மீனா குமாரிக்கு அப்போது உடம்பு ரொம்ப முடியவில்லை. நடனங்களில் சில இடங்களில் பத்மா கன்னாதான் ஆடினார். 1972 பிப்ரவரியில் படம் வந்தது, மார்ச் 31 அன்று மீனா குமாரி இறந்துவிட்டார்.)

காசு கொடுத்தவன் வேண்டும் என்றால் தேவதாஸ் இருக்கிறான். பணத்தைக் கொடுத்துவிட்டு அருவருப்போடு எழுந்து போகிறவன்மேல்தான் ஆடிப் பிழைக்கும் சந்திரமுகிக்கு மனசு போகிறது. தன்னைப் பார்த்து இளிக்காத முதல் ஆள் அவன். நம் ஊர் 1953 படத்தில் அந்த வேடம் லலிதாவுக்கு. 1955 இந்திப் படத்தில் வைஜயந்திமாலா. துணை நடிகை என்று ஃபிலிம்ஃபேர் விருது கொடுத்தபோது, என் பாத்திரம் துணைப் பாத்திரம் இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார். சந்திரமுகிக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான்.

அப்புறம் 1981இல் வந்த 'உம்ராவ் ஜான்'. ஆடிப் பாடும் உம்ராவாக நடித்த ரேகாவிடம் வரும் நவாப் சுல்தான் வாடிக்கையாளர்தான். காதலும் பொய் இல்லை. ஆனால் கல்யாணம் என்று வந்தால் வீட்டார் சொல்லும் பெண்தான். பிற்பாடு கான்பூரில் ஒரு பேகம் வீட்டுக்குப் பாடப் போகிறாள் உம்ராவ். பேகம் யார் என்று பார்த்தால், சின்ன வயதில் தன்னோடு கடத்திக்கொண்டு வரப்பட்ட ராம்தேயி. ஒருத்தியைத் தவாயிஃப் (ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண்) வீட்டில் விற்றார்கள், இன்னொருத்தியைப் பெரிய வீட்டில். ராம்தேயியின் கணவர்தான் நவாப் சுல்தான்.

காசா காதலா என்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. இந்தப் படத்தை உங்கள் கணவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கான்பூர் வரும்வரை எழுந்து போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.