நெருங்கிய தோழியோடு மார்க்கில் போட்டி போட்டால் நட்பு கெட்டுப்போகுமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, அரையாண்டில் இரண்டு மூன்று மார்க்கில் அவள் உங்களை முந்திவிட்டாள். இல்லாவிட்டால் இதை அவளல்லவா கேட்டிருப்பாள்? நட்பெல்லாம் கெடாது. கேட்டால் நோட்டைத் தருகிறாளா, அதை மட்டும் பாருங்கள்.

எனக்கும் என் தோழிக்கும் திருவல்லிக்கேணி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். தோற்றவள் அடுத்த பரீட்சை வரை மற்றவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும், ரத்னா கபேயில் சாம்பார் இட்லியும் வாங்கித்தர வேண்டும். இதுதான் பந்தயம்.

அவளுடைய ஆயுதம் அடிஷனல் ஷீட். பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், "மிஸ், அடிஷனல் ஷீட்!" என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி எழுந்து நிற்பாள். எனக்கு எழுத வந்ததும் மறந்துபோகும். மணியடித்து நூல் கட்டும்போது எட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பத்து வரி, எழுத்தெல்லாம் பஸ் போர்டு சைஸில்!

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பைகிராப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடையில் கிடைத்த கணக்கு கைடுக்கு பிரவுன் அட்டை போட்டு, 'வரலாறு' என்று லேபிள் ஒட்டிப் பைக்குள் வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டாள். எடுத்துக்கொண்டு போனவள், "இதுல பாதி விடை தப்புடி" என்று பென்சிலில் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் திருத்தத்தை வைத்துத்தான் அடுத்த பரீட்சையில் அவளை ஜெயித்தேன்.

2008-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. 1200-க்கு அவள்தான் அதிகம். ஆனால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கட்-ஆஃப்தானே கணக்கு? 200-க்குப் போடுவார்கள்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழும் இங்கிலீஷும் அதில் வராது. அங்கே நான் மேலே. "மொழிப்பாடம் படிப்பில்லையா?" என்பது அவள் வாதம். "அண்ணா யுனிவர்சிட்டியைப் போய்க் கேளு" என்பது என் வாதம். இன்றும் ஓட்டலில் பில் வந்தால் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

உடனே 'மார்க்கா வாழ்க்கை?' என்று யாராவது வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லையே. பெற்றவர்கள் ஏற்றிவிடுகிற போட்டி வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை. எங்கள் பந்தயம் இரண்டு வீட்டுக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் என் அத்தை ஒருத்தரே போதும், நாசம் செய்திருப்பார்.

எனக்கு எரிச்சலே இந்த டியூஷன் சென்டர்காரர்கள் மேல்தான். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. எங்கள் தெருமுனை பிளக்ஸுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், கீழே மார்க். போன வருஷம் எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் அதே போட்டோ எதிரெதிரே இரண்டு சென்டர் பேனரிலும் தொங்கியது. அதில் ஒன்றில் அவள் டெமோ கிளாஸ் உட்கார்ந்ததோடு சரி, பீஸ்கூடக் கட்டவில்லை.