முதலில் உட்காருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. மகள் இசையில் மூன்றாம் கிரேடு முடித்ததோடு கீபோர்டை மூடி வைத்துவிட்டாள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சும்மா கிடக்கிறதே என்று அவளுடைய பழைய பியானோ புத்தகங்களைப் பார்த்து எட்டு மாதமாக நான் பழகுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். துணி தேய்க்கும் மேசையில் கீபோர்டை வைத்து, கொஞ்சம் குனிந்து, நின்றபடியே வாசிப்பேன். உட்கார்ந்தால் யாராவது கூப்பிடும்போது மறுபடி எழ வேண்டுமே. சி மேஜர் ஸ்கேல், அதாவது சுர வரிசை, வந்துவிட்டது. எஃப் மேஜரில் விரல்கள் சிக்கிக்கொள்கின்றன. மோதிர விரலில் பலமே இல்லை. மணிக்கட்டும் வலிக்கிறது. விரல்களைச் சரியாக வைக்க நல்ல பயிற்சி சொல்லுங்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: பயிற்சி இருக்கட்டும். எட்டு மாதமாக நின்றுகொண்டா வாசிக்கிறீர்கள்?

விரலைப் பற்றி இத்தனை எழுதிய நீங்கள் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். குனிந்து நிற்கும்போது கை மேலிருந்து சரிந்து இறங்குகிறது. மணிக்கட்டு பின்பக்கம் மடிகிறது. உடம்பின் பாரமும் கையில் ஏறுகிறது. அந்த நிலையில் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து போக இடம் ஏது? வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

யாராவது கூப்பிட்டால் என்கிறீர்களே, யார் அந்த யாராவது? இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டில் அழும் குழந்தை இல்லை. படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தண்ணீர் எடுத்துக் குடிக்கத் தெரியும். உங்கள் கணவருக்கும் தெரியும். என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். அதைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்தோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எழுந்துபோய் ஒரு மணையை எடுத்துப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குடும்பக் கடமை என்றால் எல்லாப் பக்கமும் கடமைதான். அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவளை எழுப்பாமல் இருப்பது பிள்ளைகளின் கடமை. அதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது உங்கள் தவறு.

சரி, இப்போது கைக்கு வருவோம். கைப்பிடி இல்லாத நாற்காலியில், பாதி இருக்கையில் உட்காருங்கள். முழங்கை கீபோர்டுக் கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது ஒரு விரற்கடை மேலே. மேசை உயரமாக இருந்தால் இருக்கையில் போர்வையை மடித்துப் போடுங்கள். கால் எட்டவில்லை என்றால் மணையை வையுங்கள்.

எஃப் மேஜர் சிக்குவதற்குக் காரணம் சி மேஜரில் படிந்த பழக்கம். பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே வலது கையில் 1, 2, 3 முடிந்ததும் பெருவிரல் வந்துவிடும். இங்கேயும் அப்படியே செய்தால் பெருவிரல் நேராக பி ஃபிளாட் கறுப்புக் கட்டையில் போய் விழும். அது குட்டை விரல், ஸ்கேலில் கறுப்புக் கட்டை அதற்கு ஆகாது. அதனால்தான் எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட்டுக்கு 1, 2, 3, 4. அடுத்த சி-யில்தான் பெருவிரல். பிறகு டி, இ, எஃப்புக்கு 2, 3, 4. நான்காம் விரல் பி ஃபிளாட்டில் இருக்கும்போதே பெருவிரல் சி-க்கு நகரத் தொடங்க வேண்டும். முழங்கையும் கூடவே வலப்பக்கம் போக வேண்டும். கடைசி நொடியில் பெருவிரலை இடுக்காதீர்கள்.

மோதிர விரலைத் தனியாகத் தூக்கித் தூக்கி அடிக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருக்கிறது. நடுவிரல் அளவுக்கு அது தனித்து எழாது, எழ வேண்டியதும் இல்லை. பியானோ மேதை ஷோப்பான் தன் மாணவர்களுக்கு முதலில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்தில்தான் கையை வைக்கச் சொல்வார். நீண்ட மூன்று விரல்கள் கறுப்பில், குட்டை விரல்கள் இரண்டும் வெள்ளையில். வைத்துப் பாருங்கள், கை தானாக வளைந்து அமரும். தினமும் இரண்டு நிமிடம் அதில் மெதுவாக ஏறி இறங்குங்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்து வாசித்தும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்டில் கை இடம் மாறும் இடங்களில் மட்டும் விரல் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். எழுதிய பிறகு தினம் ஒரு விரல் மாற்றாதீர்கள்.

எந்த எண் என்று குழப்பம் வந்தால் மகளைக் கேளுங்கள். மூன்று கிரேடு முடித்தவள் பக்கத்து அறையில் இருக்க, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பிளஸ் டூ படிப்பு, வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் அம்மாவின் கையைப் பார்ப்பதால் கெட்டுவிடாது. அவளைப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், பி ஃபிளாட் என்ன ஆயிற்று என்று. அந்த அரை மணியில் யார் கூப்பிட்டார்கள் என்றும் எழுதுங்கள்.