ஸ்பீடு டெஸ்டில் 100, வீடியோவில் திணறல்: புகார் கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வீடியோ தளம் மட்டும் திணறுகிறது. ஸ்பீடு டெஸ்ட் முழு வேகம் காட்டுகிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "அந்தத் தளத்தின் சந்தாவோடு வரும் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்கிறார்கள். இது இணையச் சமநிலை (எல்லாத் தளங்களின் டேட்டாவையும் இணைய நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை) மீறலா?

பதில்: முதலில், திட்டத்தை மாற்றாதீர்கள். 4கே வீடியோவுக்கே 25 எம்பிபிஎஸ் போதும். 100-இல் ஓடாதது 300-லும் ஓடாமல் போகலாம்.

சந்தாவைச் சேர்த்து விற்பதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு தளத்தைப் பார்த்தால் மட்டும் டேட்டா கழியாது என்று விற்றால், 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறைக்கு அது விரோதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நின்றுபோனது அதனால்தான். ஒரு தளத்தை முடக்குவது, வேகத்தைக் குறைப்பது, வேறொன்றுக்கு முன்னுரிமை கொடுப்பது ஆகியவற்றுக்கான தடை 2018 செப்டம்பரில் நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்ந்துவிட்டது. மாத டேட்டா அளவு தீர்ந்தபின் எல்லாத் தளங்களுக்கும் ஒருசேர வேகம் குறைந்தால் அது மீறல் ஆகாது.

உங்கள் வீட்டில் நடப்பது எது? ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்துச் சர்வரோடு, சில சமயம் உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சர்வரோடு பேசிவிட்டு வேகத்தைச் சொல்கிறது. வீடியோவோ அந்தத் தளத்தின் வலையமைப்பிலிருந்து உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைய வேண்டும். அந்த இணைப்புப் புள்ளியில் இரவு நேரத்தில் நெரிசல் ஏற்பட்டாலும் இதே திணறல்தான் வரும்.

அதனால் அதே வீடியோவை விடியற்காலை ஆறு மணிக்கும் ஓட்டிப் பாருங்கள். கணினியை வைஃபையில் அல்லாமல் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள். காலையிலும் திணறினால் நெரிசல் என்ற சாக்கு எடுபடாது. நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் விபிஎன் செயலியைப் போட்டதும் சீராக ஓடினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் விபிஎன்னில் டேட்டா வரும் பாதையும் மாறிவிடுவதால், அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்கு நேரம், தேதி, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இரவில் மட்டும்தான் சிக்கல் என்றால் வழக்கு பலவீனமாகிறது. எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். நெரிசலான இணைப்பை விரிவாக்காமல் வேண்டுமென்றே விட்டுவைத்தாலும் வாடிக்கையாளரால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். இந்த நிலையில், அதிக டேட்டா இழுக்கும் தளங்கள் வலையமைப்புச் செலவில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ கேட்டுவருகிறது. அந்த டேட்டாவைக் கேட்டு வாங்குவது நீங்கள். அதற்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் வசூலிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

புகாரைத் தொலைபேசியில் சொல்வதோடு விடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, புகார் எண் வாங்குங்கள். "இந்தத் தளத்தின் டேட்டா மீது வேகத்தைக் குறைப்பது போன்ற போக்குவரத்து மேலாண்மை ஏதேனும் செய்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த கட்டம், மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வழியாகத் தொலைத்தொடர்புத் துறை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.